கத்தரியைவிட காலண்டர் முக்கியம்... ஸ்காட்ஸ் பைன் போன்சாய் வளர்ப்பது எப்படி?

போன்சாய் ரீல்ஸ் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்தக் காட்சி உங்கள் கண்ணில் பட்டிருக்கும். கோடைக்காலத் தொடக்கம். ஜப்பானியக் கலைஞர் ஒருவர் கூர்மையான கத்தரியோடு உட்கார்ந்து, தொட்டியில் இருக்கும் பைன் மரத்தின் புதுக் குருத்துகளை ஒன்றுவிடாமல் வெட்டித் தள்ளுகிறார். மரம் மொட்டையடித்த மாதிரி நிற்கிறது. அடுத்த ஷாட், இலையுதிர் காலம். அதே மரம் குட்டிக் குட்டி ஊசி இலைகளோடு அடர்த்தியாக, அம்சமாக நிற்கிறது.

"அட, இவ்வளவுதானா!" என்று தோன்றும். லண்டனிலோ பெர்லினிலோ இருக்கும் ஒருவர் தன் தோட்டத்து ஸ்காட்ஸ் பைனில் இதையே அப்படியே செய்து பார்த்தால் என்ன ஆகும்? பெரும்பாலும் அந்த வருடம் மரம் மறுபடி துளிர்க்காது. பலவீனமான கிளைகள் அடுத்த வசந்தத்துக்குள் காய்ந்தும் போகலாம். பத்து வருடம் வளர்த்த கிளை, பத்து நிமிட வேலையில் போய்விடும்.

கத்தரி சரி. கை சரி. மரமும் பைன்தான். தப்பானது ஒன்றே ஒன்று, மாதம்.

ஸ்காட்ஸ் பைன் போன்சாயின் மொத்த சூட்சுமமும் இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது. எப்படி வெட்டுவது என்பதைவிட, எப்போது வெட்டுவது, எப்போது கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது என்பதுதான் இங்கே பாடம். கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

ஸ்காட்ஸ் பைன்... யார் இது?

தாவரவியலில் இதன் பெயர் பைனஸ் சில்வெஸ்ட்ரிஸ். ஸ்வீடன் விஞ்ஞானி லின்னேயஸ் 1753-ல் வைத்த பெயர். பெயரில் ஸ்காட்லாந்து இருந்தாலும், இது ஸ்காட்லாந்துக்கு மட்டும் சொந்தமில்லை. மேற்கே ஸ்பெயின், ஸ்காட்லாந்தில் தொடங்கி கிழக்கே சைபீரியா வரை பரந்து கிடக்கிறது. உலகில் இயற்கையாக மிக அதிகப் பரப்பில் வளரும் பைன் இனம் இதுதான். வடக்கே நார்வே, ஃபின்லாந்தில் ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி வளர்கிறது.

பிரிட்டனுக்கென்று சொந்தமான ஊசியிலை மரங்கள் மூன்றே மூன்றுதான். யூ, ஜூனிப்பர், ஸ்காட்ஸ் பைன். அதில் பைன் இது ஒன்றுதான். 2014-ல் இதை ஸ்காட்லாந்து தன் தேசிய மரமாக அறிவித்தது.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். ஊசி இலைகள் இரண்டு இரண்டாக, லேசாக முறுக்கிக்கொண்டு, நீலம் கலந்த பச்சையில் இருக்கும். அடிமரத்துப் பட்டை சாம்பல் கலந்த பழுப்பு. மேலே போகப் போக அது மெல்லிய செதில்களாக உரிந்து ஆரஞ்சு நிறமாக மாறும். மாலை வெயில் பட்டால் மரத்தின் மேல்பாதி தணல் மாதிரி ஒளிரும். நிலத்தில் வளரும்போது 30 மீட்டர் உயரத்தைத் தாண்டும், அதாவது சுமார் பத்து மாடி. 300 ஆண்டுகள் வாழ்வது சாதாரணம்.

இவ்வளவு பெரிய மரம் எப்படி ஒரு தட்டு அளவு தொட்டியில் அடங்குகிறது?

போன்சாய் தனி ரகம் இல்லை

நிறைய பேர் நினைப்பதுபோல போன்சாய் என்பது குள்ளமான ஒரு மர இனம் இல்லை. அது ஒரு வளர்ப்பு முறை. சீனாவில் பென்ஜிங் என்ற பெயரில் தொடங்கி, ஜப்பானில் தனிக் கலையாக வளர்ந்தது. தொட்டியில் இருக்கும் ஸ்காட்ஸ் பைனின் மரபணு, காட்டில் நிற்கும் 30 மீட்டர் மரத்தின் மரபணுவேதான். தொட்டியிலிருந்து எடுத்து நிலத்தில் நட்டால், அது பாட்டுக்கு வளரத் தொடங்கிவிடும்.

"மரத்தைப் பட்டினி போட்டுக் குள்ளமாக்குகிறார்கள், பாவம்" என்றும் ஒரு பேச்சு உண்டு. உண்மையில் பட்டினி கிடக்கும் பைன் நல்ல போன்சாய் ஆகாது. பலமில்லாத மரத்தை வெட்டினால் அது பதில் சொல்லாது. புது மொட்டு விடாது, கிளை பிரியாது. நன்றாகச் சாப்பிட்டு, நன்றாக வெயில் குடித்து, வலுவாக இருக்கும் மரத்தில்தான் ஒவ்வொரு வெட்டுக்கும் இரண்டு துளிர் வரும். அதனால் போன்சாய் வளர்ப்பில் பாதி வேலை, மரத்தைத் தெம்பாக வைத்திருப்பதுதான்.

ஸ்காட்ஸ் பைனை ஐரோப்பிய போன்சாய்க்காரர்கள் விரும்புவதற்குக் காரணங்கள் உண்டு. அது அவர்கள் ஊர் மரம், குளிருக்குப் பயப்படாது. கிளைகள் நன்றாக வளையும். ஊசி இலைகள் 3 முதல் 7 செ.மீ. வரை இருக்கும். வளர்ப்பு முதிர முதிர இன்னும் குறுகும். வலுவான மரம் என்றால் பழைய கிளையிலிருந்தும் புது மொட்டு விடும். பைன் குடும்பத்தில் இது பெரிய சலுகை.

மெழுகுவர்த்தி கணக்கு

இனிதான் முக்கியமான இடம். கவனமாகப் படியுங்கள்.

வசந்த காலத்தில் பைன் மரத்தின் ஒவ்வொரு கிளை நுனியிலும் இருக்கும் மொட்டு, நிமிர்ந்து நீளமாக வளரும். ஊசி இலைகள் இன்னும் விரியாமல், பார்ப்பதற்கு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்த மாதிரியே இருக்கும். போன்சாய்க்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரும் மெழுகுவர்த்திதான்.

ரீல்ஸில் வரும் மரம் பெரும்பாலும் ஜப்பானியக் கறுப்பு பைன். ஜப்பானின் கோடை நீளமானது, வெக்கையும் ஈரமும் நிறைந்தது. அங்கே ஜூன், ஜூலை வாக்கில் அந்த வருடத்து மெழுகுவர்த்திகளை முழுசாக வெட்டிவிட்டால், மரம் அதே கோடையில் இரண்டாவது தவணையாகத் துளிர்க்கும். குளிர் வருவதற்குள் அந்தத் துளிர் வளரக் கிடைப்பது மூன்று மாதச் சொச்சம்தான். அதனால் இலைகள் நீள நேரமில்லாமல் குட்டையாகவே நின்றுவிடும். குட்டி இலை வேண்டும் என்றால் இதுதான் வழி. ஒரே வருடத்தில் இரண்டு அறுவடை, நம் ஊர் இருபோகம் மாதிரி.

ஸ்காட்ஸ் பைன் ஒருபோக மரம். குறுகிய கோடையும் நீண்ட குளிரும் உள்ள வடக்கு நிலத்துக்குப் பழகியது. ஒரு வசந்தத்தில் எவ்வளவு வளரப்போகிறது என்பதை, அதற்கு முந்தைய கோடையிலேயே அது பெரும்பாலும் தீர்மானித்துவிடும். முந்தைய வருடக் கடைசியில் உருவாகும் மொட்டுக்குள், அடுத்த வருடத்துக் குருத்து சுருக்கி மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. வசந்தத்தில் அது விரிகிறது. அவ்வளவுதான்.

அதனால் ஜூனில் மெழுகுவர்த்தியை முழுசாக வெட்டினால், மரத்தின் கையிருப்பில் அவசரத்துக்கு இன்னொரு குருத்து இல்லை. நல்ல தெம்பான மரம், நல்ல வெயில் கிடைக்கும் வருடத்தில், சில நேரம் இரண்டாவது முறையும் துளிர்க்கும். ஆனால் அதை நம்பி வெட்டக் கூடாது.

சரி, அப்போ ஸ்காட்ஸ் பைனை எப்போது வெட்டுவது? புது ஊசி இலைகள் முழுசாக விரிந்து, முற்றிய பிறகு. அதாவது ஜூலைக் கடைசி அல்லது ஆகஸ்ட். அப்போதும் புதுக் குருத்தை முழுசாக எடுப்பதில்லை. அடியில் சில ஜோடி ஊசி இலைகளை விட்டுவிட்டு, மேலே வெட்டுவார்கள். மரம் உடனே துளிர்க்காது. அந்த வெட்டுக்குக் கீழேயும், கிளையின் உள்பக்கமும் அடுத்த வருடத்துக்கான மொட்டுகளை உருவாக்கத் தொடங்கும். ஆகஸ்டில் நீங்கள் கேட்ட கேள்விக்கு, மே மாதத்தில் பதில் வரும்.

ஊசியில்லாத கிளைக்கு உயிரில்லை

இதோடு சேர்த்து ஞாபகம் வைக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. வேப்பமரத்தையோ முருங்கையையோ வெட்டிப் பார்த்திருப்பீர்கள். மொட்டையாக நிற்கும் கட்டையிலிருந்தும் சரம் சரமாகத் துளிர்க்கும். பைனில் அது நடக்காது.

பைனின் ஒவ்வொரு ஜோடி ஊசி இலைக்கு அடியிலும் தூங்கும் மொட்டு ஒன்று இருக்கிறது. இலை உயிரோடு இருக்கும் வரைதான் அந்த மொட்டுக்கும் வாய்ப்பு. பச்சையே இல்லாமல் ஒரு கிளையை வெட்டிவிட்டால், பெரும்பாலும் அந்தக் கிளை திரும்பி வராது. எனவே ஒரு கிளையைச் சுருக்க வேண்டும் என்றால், முதலில் அதன் உள்பக்கத்தில் புது மொட்டு வரும் வரை காத்திருக்க வேண்டும். அது வந்து, ஒரு வருடம் வளர்ந்து, வலுவான பிறகுதான் வெளிப்பக்கத்தை வெட்டலாம். ஒரு கிளையை ஒரு சாண் குறைக்க மூன்று வருடம் ஆவது சகஜம்.

மாதம் மாதம் என்ன வேலை?

பிரிட்டன், வடக்கு ஐரோப்பா பருவநிலைக்கு ஏற்ற பொதுவான காலண்டர் இது. ஊருக்கு ஊர் இரண்டு மூன்று வாரம் முன்பின் ஆகும். தேதியைவிட மரத்தைப் பார்த்து முடிவெடுப்பதே நல்லது.

மார்ச், ஏப்ரல்: மொட்டுகள் உப்பத் தொடங்கும் நேரம். தொட்டி மாற்ற வேண்டிய மரம் என்றால் இப்போது மாற்றலாம்.

மே: மெழுகுவர்த்திகள் நீளும். ஓரளவு உருவம் வந்துவிட்ட முதிர்ந்த மரத்தில், மிக நீளமாகப் பாயும் குருத்துகளை மட்டும் விரலால் பாதிவரை கிள்ளிவிடுவார்கள். கத்தரி தேவையில்லை, கிள்ளினாலே ஒடிந்துவிடும். இளமரம் என்றால் தொடவே வேண்டாம்.

ஜூன், ஜூலை: ஊசிகள் விரிந்து முற்றும். தண்ணீர், வெயில் இரண்டும் தாராளமாக வேண்டும். முதிர்ந்த மரங்களுக்கு, இலைகள் முற்றிய பிறகுதான் உரம் கொடுப்பார்கள். வசந்தத்தில் கொடுத்தால் ஊசிகள் நீண்டுவிடும். இளமரத்துக்கு இந்தக் கவலை இல்லை, அதற்கு வளர்ச்சிதான் முக்கியம்.

ஜூலைக் கடைசி, ஆகஸ்ட்: மேலே சொன்ன முக்கியமான வெட்டு.

செப்டம்பர் முதல் நவம்பர்: இரண்டு மூன்று வருடப் பழைய ஊசிகள் மஞ்சளாகி உதிரும். மிச்சமிருக்கும் பழைய ஊசிகளைக் கையால் பறித்து, உள்கிளைகளுக்கு வெளிச்சம் போக வழி செய்வார்கள். ஒரே நுனியில் நான்கைந்து மொட்டு இருந்தால், இரண்டை மட்டும் விடுவார்கள். கிளை இரண்டு இரண்டாகப் பிரிந்தால்தான் அழகு. நாலைந்து ஒரே இடத்தில் முளைத்தால் அந்த இடம் முட்டியாக வீங்கிவிடும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி: கம்பி கட்டும் காலம். மரத்துக்கு ஓய்வு.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. பைன் மரம் தன் பலத்தை எல்லாம் உச்சிக்குத்தான் அனுப்பும். கீழ்க்கிளைகள் மெலிந்துகொண்டே போகும். அதனால் மேலே அதிகமாக வெட்டி, அதிகமாக ஊசி பறிக்க வேண்டும். கீழே கை வைக்காமல் விட வேண்டும். பலமானவரிடமிருந்து வாங்கிப் பலவீனமானவருக்குக் கொடுக்கும் இந்த வேலை, ஒவ்வொரு வருடமும் உண்டு.

எங்கிருந்து தொடங்குவது?

மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, விதை. மலிவானது, ஆனால் மிக மெதுவானது. விதையை ஈரமாக்கி, சில வாரம் ஃபிரிட்ஜில் வைத்து, பிறகு விதைத்தால் முளைப்பு சீராக இருக்கும். நாற்றிலிருந்தே வேரையும் அடிமரத்தின் வளைவையும் உங்கள் விருப்பப்படி அமைக்கலாம். ஆனால் பார்ப்பதற்கு மரம் மாதிரி ஆக 15, 20 வருடம் ஆகும். கிளையை வெட்டி நட்டு வேர் பிடிக்க வைக்கலாமா என்று கேட்டால், பைனில் அது அநேகமாக முடியாத காரியம்.

இரண்டாவது வழி, நர்சரி செடி. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதுதான் நல்லது. 'வாட்டரெரி', 'பியூவ்ரோனென்சிஸ்' போன்ற மெதுவாக வளரும் ரகங்கள் ஐரோப்பிய நர்சரிகளில் கிடைக்கும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்த ரகங்கள் ஒட்டுச் செடிகள். அடிமரத்தில் ஒட்டுப்போட்ட தழும்பு இருக்கும். அது எவ்வளவு கீழே, எவ்வளவு மறைவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இலையைப் பார்த்து மயங்காமல், மேல்மண்ணைக் கொஞ்சம் விலக்கி வேர் எப்படிப் பரவியிருக்கிறது என்று பார்த்து வாங்குபவர்தான் கெட்டிக்காரர்.

அடிமரம் பருக்க வேண்டுமா? தொட்டியில் நடக்காது. சில வருடம் நிலத்திலோ பெரிய பெட்டியிலோ விட வேண்டும். கீழே ஒரு கிளையை மட்டும் வெட்டாமல் இஷ்டத்துக்கு ஓட விடுவார்கள். அந்தக் கிளை அடிமரத்தைப் பருக்க வைக்கும். வேலை முடிந்ததும் அதையே வெட்டி எடுத்துவிடுவார்கள். போன்சாய்க்காரர்கள் இதைத் தியாகக் கிளை என்கிறார்கள். பெயருக்கு ஏற்ற வாழ்க்கை.

மூன்றாவது வழிதான் சிக்கலானது. காட்டிலிருந்து எடுப்பது.

மான் செய்த போன்சாய்

இயற்கையில் தானாகவே குள்ளமாகிப்போன மரத்தைத் தோண்டி எடுத்து வளர்ப்பதை ஜப்பானில் யமாடோரி என்கிறார்கள். ஐரோப்பாவில் பரிசு வாங்கும் ஸ்காட்ஸ் பைன் போன்சாய்களில் பல இப்படி வந்தவை. காரணம் எளிது. 50 வருடப் பட்டையையும் முறுக்கையும் எந்த நர்சரியாலும் செய்து கொடுக்க முடியாது.

ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிகளில் இப்படிப்பட்ட மரங்கள் உருவாக மூன்று காரணங்கள். ஒன்று, கரிச்சேற்று நிலம். சத்தும் காற்றும் இல்லாத அந்த மண்ணில், இடுப்பளவு உயரமே இருக்கும் மரத்துக்குப் பல பத்தாண்டு வயது இருக்கும். இரண்டு, காற்று. கேர்ன்கார்ம்ஸ் மலையில் கிரேக் ஃபியாக்ளக் என்ற இடத்தில், சுமார் 640 மீட்டர் உயரத்தில் காடு முடிகிறது. அந்த எல்லையில் நிற்கும் பைன்கள் காற்றுக்குக் குனிந்து, தரையோடு தரையாக வளர்ந்திருக்கின்றன. மூன்று, மான். செம்மான்கள் ஒவ்வொரு வருடமும் நுனிக் குருத்தைக் கடித்துவிடும். செடி பக்கவாட்டில் துளிர்க்கும். அடுத்த வருடம் அதையும் கடிக்கும். யோசித்துப் பார்த்தால், போன்சாய்க்காரர் கத்தரியால் செய்வதைத்தான் மான் பல்லால் செய்கிறது.

"எப்படியும் மான் தின்னப்போகிறது. நான் எடுத்து வளர்த்தால் என்ன தப்பு?" இது நியாயமான கேள்வி மாதிரிதான் தெரிகிறது. இதற்கு இரண்டு பதில்கள் உண்டு.

சட்டத்தின் பதில் நேரடியானது. 1981-ம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் நாட்டுப்புறச் சட்டப்படி, பிரிட்டனில் நில உரிமையாளரின் அனுமதியில்லாமல் எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவது குற்றம். பைனுக்கு விலக்கு இல்லை.

காட்டின் பதில் இன்னும் ஆழமானது. ஸ்காட்லாந்தின் பழம்பெரும் பைன் காட்டுக்குக் கலிடோனியன் காடு என்று பெயர். மரத்துக்காக வெட்டினார்கள், ஆட்டு மந்தைக்காக அழித்தார்கள், 20-ம் நூற்றாண்டின் இரண்டு உலகப் போர்களுக்காகவும் வெட்டினார்கள். இன்று அதிகாரபூர்வப் பட்டியலில் அந்தக் காட்டின் மிச்சமாக இருப்பவை 84 துண்டுகள். அவற்றில் பல இடங்களில் கிழட்டு மரங்கள் மட்டுமே நிற்கின்றன. பிள்ளை மரங்கள் இல்லை, ஏனென்றால் முளைத்ததை எல்லாம் மான் தின்றுவிட்டது.

ஆனால் தின்னப்பட்ட எல்லாச் செடிகளும் சாகவில்லை. புதர்களுக்கு இடையில் முழங்காலளவு உயரத்தில், வருடக்கணக்காகக் கடிபட்டபடி பல உயிரோடு இருந்தன. கேர்ன்கார்ம்ஸில் உள்ள கிளென்ஃபெஷி பள்ளத்தாக்கில் 2000-களில் மான் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தார்கள். வேலி போடாமலேயே இளம் பைன்கள் கூட்டம் கூட்டமாக எழுந்து நின்றன. கடிப்பதற்கு வாய் இல்லை என்றதும், மரத்துக்குள் இருந்த உயரம் வெளியே வந்துவிட்டது.

ஆக, போன்சாய்க்காரர் கண்ணுக்கு 'அருமையான யமாடோரி' என்று தெரியும் அதே குட்டை மரம், அடுத்த 300 வருடக் காட்டின் தாய்மரமாகவும் இருக்கலாம். அதனால்தான் பொறுப்பான சேகரிப்பாளர்கள் பழங்காட்டுப் பக்கமே போவதில்லை. கரிமண் வெட்டும் நிலம், சாலை போடப்போகும் இடம், மரத்தோட்ட ஓரம் என்று, எப்படியும் அகற்றப்படவிருக்கும் மரங்களை உரிமையாளரிடம் கேட்டு எடுக்கிறார்கள்.

நாட்டுக்கு நாடு இந்த நியாயம் தலைகீழாகவும் மாறும். நம் தமிழர்கள் ஏராளமாக வாழும் கனடாவின் ஒன்டாரியோவில் ஸ்காட்ஸ் பைன் வெளியிலிருந்து வந்த மரம். கிறிஸ்துமஸ் மரத்துக்காகவும் தோட்டங்களுக்காகவும் நட்டது, இன்று தானாகப் பரவி உள்ளூர்த் தாவரங்களை நெருக்கும் ஆக்கிரமிப்பு இனமாகக் கருதப்படுகிறது. அங்கே ஒரு நிலத்துக்காரர், "தாராளமா தோண்டிக்கோங்க" என்று சொல்ல வாய்ப்பு அதிகம். ஆனால் அங்கேயும் அனுமதி கேட்டுத்தான் ஆக வேண்டும்.

வேருக்குள் ஒரு கூட்டணி

காட்டிலிருந்து வந்ததோ நர்சரியிலிருந்து வந்ததோ, பைன் சாவது பெரும்பாலும் வேரில்தான்.

பைன் வேர்கள் தனியாக வாழ்வதில்லை. ஒருவகைப் பூஞ்சை வேர் நுனிகளைச் சுற்றிக்கொண்டு, மண்ணிலிருந்து தண்ணீரும் தாதுக்களும் எடுத்துக் கொடுக்கும். பதிலுக்கு மரம் அதற்குச் சர்க்கரை கொடுக்கும். தொட்டி மாற்றும்போது வேர்களுக்கு இடையில் வெள்ளை வலை மாதிரி தெரிந்து, காளான் வாசம் அடித்தால் பயப்பட வேண்டாம். அது நோய் இல்லை, மரத்தின் பார்ட்னர். புதிதாக வளர்ப்பவர்கள் சிலர் அதை நோய் என்று நினைத்துச் சுத்தமாகக் கழுவிவிடுவார்கள். அத்தோடு மரத்தின் பாதி பலமும் போய்விடும்.

எனவே பழைய மண்ணை ஒரேயடியாக உதறக் கூடாது. இந்த முறை ஒரு பாதி, அடுத்த முறை மறு பாதி. வெட்டும் வேர் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. இளமரத்துக்கு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை, முதிர்ந்த மரத்துக்கு அதைவிட அதிக இடைவெளி விட்டுத் தொட்டி மாற்றினால் போதும்.

போன்சாய் மண் என்பது நம் தோட்டத்து மண் இல்லை. பொரி அளவு உருண்டைகளாக இருக்கும். அகடாமா என்ற ஜப்பானியச் சுட்ட களிமண் மாதிரியான உருண்டை, நுரைக்கல், எரிமலைக் கல் எல்லாம் கலந்தது. ஊற்றிய தண்ணீர் நொடிகளில் கீழே இறங்க வேண்டும், ஆனால் உருண்டைகள் ஈரத்தைப் பிடித்து வைக்க வேண்டும். காசு மிச்சம் பிடிக்க நினைக்கும் பிரிட்டன்காரர்கள் இதற்குப் பூனை கழிவுத் தட்டில் போடும் ஒருவகைக் களிமண் துகள்களைப் பயன்படுத்துகிறார்கள். தண்ணீர் பட்டால் கரையாத ரகம் என்றால் அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது.

காட்டிலிருந்து எடுத்த மரத்துக்குக் கூடுதல் பொறுமை வேண்டும். மரப்பெட்டியில் நட்டு, ஆடாமல் கட்டி, குறைந்தது இரண்டு வருடம் வெட்டு, கம்பி எதுவும் இல்லாமல் விட வேண்டும். பைன் இறந்துபோனது வெளியே தெரிவதற்கே மாதக்கணக்கில் ஆகும். பச்சையாக இருக்கிறதே என்று நம்பி வேலையைத் தொடங்கிவிடக் கூடாது. புது மெழுகுவர்த்தி நன்றாக நீண்டால்தான் வேர் பிடித்தது என்று அர்த்தம்.

கம்பி கட்டுவது எதற்கு?

இளமரத்தின் கிளைகள் வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருக்கும். வயதான மரத்தின் கிளைகள் பனியின் பாரத்தில் வருடக்கணக்காகத் தாழ்ந்திருக்கும். கிளையைச் சற்றுக் கீழே இறக்கினாலே நம் கண் அந்த மரத்துக்கு நூறு வயது கொடுத்துவிடும். இதற்காகத்தான் செம்பு அல்லது அலுமினியக் கம்பியைக் கிளையில் 45 டிகிரி சாய்வில் சுற்றி, மெல்ல வளைக்கிறார்கள். பருமனான கிளை என்றால், உடையாமல் இருக்க முதலில் ஈரமான ராஃபியா நாரைச் சுற்றுவார்கள்.

வளைத்த கிளை அந்த நிலையிலேயே நிற்க ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகும். நடுவில் கோடையில் கிளை பருக்கும். கம்பியைக் கவனிக்காமல் விட்டால் அது பட்டைக்குள் இறங்கி, திருகாணி மாதிரித் தழும்பு போட்டுவிடும். மறுபடி கட்டிக்கொள்ளலாம், ஆனால் தழும்பு போக வருடங்கள் ஆகும். எனவே கம்பி கட்டிய நாளைவிட, கழற்ற வேண்டிய நாளை ரிமைண்டரில் போடுங்கள்.

ஸ்காட்ஸ் பைனுக்கு மிகவும் பொருந்தும் வடிவம் புஞ்ஜின். மெலிந்து நெளிந்த நீளமான தண்டு, உச்சியில் மட்டும் கொஞ்சம் கிளை. முழுக்கக் கிளை வைத்து நிரப்பத் தேவையில்லை. காட்டில் வெளிச்சத்துக்காகப் போட்டி போட்டு, கீழ்க்கிளைகளை இழந்த வயதான பைன் அப்படித்தான் இருக்கும்.

எது ஆபத்து, எது இல்லை?

இலையுதிர் காலத்தில் உள்பக்கத்துப் பழைய ஊசிகள் மட்டும் மஞ்சளானால் அது இயற்கை. வருடா வருடம் நடக்கும். நுனியில் இருக்கும் புது ஊசிகள் நிறம் மாறினால்தான் வேரைச் சந்தேகிக்க வேண்டும்.

ஊசிகளில் சிவப்புப் பட்டை பட்டையாகத் தெரிந்து, நுனி காய்ந்து உதிர்ந்தால் அது டோதிஸ்ட்ரோமா என்ற பூஞ்சை நோயாக இருக்கலாம். ஸ்காட்லாந்தின் பழங்காடுகளையும் விட்டுவைக்காத நோய் இது. மரங்களுக்கு இடையே காற்றோட்டம் விடுவதும், பாதிக்கப்பட்ட ஊசிகளை உடனே அப்புறப்படுத்துவதும் முதல் தடுப்பு. செடியைக் கைமாற்றும்போது நோயும் கைமாறும் என்பதால், பார்க்காமல் ஆன்லைனில் வாங்குவதில் இந்த ரிஸ்க்கும் இருக்கிறது.

இன்னொரு பெரிய ஆபத்து, பாசம். குளிருமே என்று மரத்தை வீட்டுக்குள் கொண்டு வருவது. ஸ்காட்ஸ் பைன் வெளியே வாழும் மரம். அதற்குக் குளிர்காலத் தூக்கம் கட்டாயம் வேண்டும். அந்தத் தூக்கத்தில்தான் மொட்டு அடுத்த வசந்தத்துக்குத் தயாராகிறது. சென்னை, மதுரை பால்கனிகளில் இந்த மரம் நிலைக்காததற்கும் இதுதான் காரணம். ஏசி அறை அதற்குக் குளிர்காலம் ஆகாது. ஆன்லைனில் விதை பாக்கெட் பார்த்து ஆர்டர் போடும் முன் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். வெளிநாட்டு விதைகளையும் செடிகளையும் இந்தியாவுக்குள் கொண்டுவர, 2003-ம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி முறையான அனுமதி தேவை.

கடைசியாக ஒன்று

மான் கடித்த செடிக்கும் போன்சாய்க்காரர் வெட்டிய செடிக்கும் வெளித்தோற்றத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் குட்டை, இரண்டும் முறுக்கு. வித்தியாசம் வெட்டுக்குப் பிறகு இருக்கிறது. மான் அடுத்த வருடமும் வரும், மரத்துக்கு மூச்சு விட நேரம் கொடுக்காது. நல்ல போன்சாய்க்காரர் ஒருமுறை வெட்டிவிட்டு, மரம் பதில் சொல்லும் வரை காத்திருப்பார். பதில் வரவில்லை என்றால் அந்த வருடம் கத்தரியைத் தொட மாட்டார்.

ஐரோப்பாவிலோ கனடாவிலோ இருந்து, ஒன்றை வாங்கித் தொடங்கலாம் என்று நினைத்தால், முதல் வருடம் செய்ய வேண்டியது இதுதான். வெயில் படும் இடத்தில் வையுங்கள். தண்ணீர் ஊற்றுங்கள். மெழுகுவர்த்தி எப்போது நீள்கிறது, ஊசி எப்போது விரிகிறது, எப்போது முற்றுகிறது, பழைய ஊசி எப்போது உதிர்கிறது என்று தேதி போட்டு போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த ஆகஸ்டில் கத்தரியைக் கையில் எடுக்கும்போது, எந்த வீடியோவையும் பார்க்கத் தேவையிருக்காது. உங்கள் மரத்தின் காலண்டர் உங்கள் மொபைலிலேயே இருக்கும்.